பாவப் பொறுத்தலும் பழுது திருத்தலும்

மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையிலே, ஞாயிறு படுகின்ற திசையில் அமைந்தமையால் படுவான்கரை எனப் பெயர்பெற்ற நிலப்பரப்பிலே, வயல்கள் சூழ இருப்பது கொக்கட்டிச்சோலை. தான்தோன்றீச்சரர் திருக்கோயிலாற் புகழ்பெற்ற இவ்வூரிலே சைவ மக்களே பெரும்பான்மையினர். ஆயினும் வாவிக்கு அப்பாலுள்ள புளியந்தீவிலும், இப்பால் ஆயித்தியமலை போன்ற இடங்களிலும் வாழும் கிறிஸ்தவ மக்களோடு எமக்குள்ள உறவு இன்று நேற்று ஏற்பட்டதன்று. சந்தையிலும் பாடசாலையிலும், கலியாண வீட்டிலும் மரண வீட்டிலும் ஒருவரையொருவர் சந்தித்தே வாழ்கின்றோம். செப்டெம்பர் மாதத் தொடக்கத்திலே ஆயித்தியமலைச் சதா சகாய மாதாவின் திருவிழாவுக்குக் கால்நடையாகச் செல்லும் யாத்திரிகர்களை இப்பகுதியார் நன்கறிவர்.

அத்தகைய யாத்திரைத் தலங்களிலே, திருப்பலிக்கு முன்பாகக் குருவானவர் ஒருபுறம் அமர்ந்திருக்க, மக்கள் ஒருவர்பின் ஒருவராகச் சென்று முழந்தாளிட்டு மெல்லிய குரலிலே ஏதோ சொல்லி மீள்வதைக் காணலாம். அதுவே பாவசங்கீர்த்தனம். இக்காலத்தில் இதனை ஒப்புரவு அருட்சாதனம் என்றும் வழங்குவர். இக்காட்சியைக் காணும் பிற சமயத்தவர் உள்ளத்திலே ஒரு வினா எழுவது இயல்பே. "ஆண்டு முழுவதும் குற்றம் செய்துவிட்டு, ஒரு நாளிலே குருவானவரின் காதிற் சொல்லிவிட்டால் எல்லாம் தீர்ந்துவிடுமோ? அப்படியாயின் குற்றஞ் செய்வதற்கு அஃது ஓர் அனுமதிச்சீட்டு ஆகாதோ?" என்பதே அவ்வினா. கிறிஸ்தவரிற் சிலரும் இவ்வாறே எண்ணி ஏமாந்து போவதுண்டு. ஆதலின் இவ்வினாவையே இன்றைய பேச்சின் பொருளாக எடுத்துக்கொள்வோம்.

முதலிலே சொல்லை நோக்குவோம். சங்கீர்த்தனம் என்பது முற்ற எடுத்துரைத்தல் என்னும் பொருளுடைய வடசொல். சைவ வைணவ மரபிலே இறைவன் திருநாமத்தைப் பாடிப் பரவுதலை அது குறிக்கும். தமிழ்க் கிறிஸ்தவர்களோ, தம் பாவங்களை மறைவின்றி எடுத்துரைத்தலுக்கு அச்சொல்லை ஆண்டனர். இவ்வழக்கு தமிழ் நூலச்சின் வரலாற்றோடும் பிணைந்திருப்பது பலர் அறியாத செய்தி. தென்பாண்டிக் கடற்கரையிலே பணிபுரிந்த போர்த்துக்கேயத் துறவி அண்ட்றிக் அடிகளார் 1578இல் கொல்லத்திலே 'தம்பிரான் வணக்கம்' என்னும் சிறு நூலைத் தமிழெழுத்தில் அச்சிட்டார். இரண்டு ஆண்டுகளின் பின், 1580இல், கொச்சியிலே அவர் வெளியிட்ட 'கொம்பெசியோனாயரு' என்னும் நூல், பாவசங்கீர்த்தனம் செய்வோருக்கான வழிகாட்டியே. முத்துக்குளிக்கும் பரதவ மக்கள் தம் மனத்தைத் தாமே சோதித்தறிய உதவும்பொருட்டு அது தமிழிலே எழுதப்பட்டது. எனவே, அச்சேறிய மிகப் பழைய தமிழ் நூல்களிலே ஒன்று, மனிதன் தன் குற்றத்தைத் தானே சொல்லும் முறையைக் கற்பிக்கும் நூலாக அமைந்தது.

அம்முறைதான் யாது? கத்தோலிக்கச் சிறுவர்கள் ஞானோபதேச வகுப்பிலே, நல்ல பாவசங்கீர்த்தனத்துக்கு ஐந்து காரியங்கள் வேண்டும் என்று மனனஞ் செய்வர். முதலாவது ஆத்தும சோதனை, அதாவது செய்த குற்றங்களை நினைவிற்கொண்டு வருதல். இரண்டாவது மனஸ்தாபம், அக்குற்றங்களுக்காக உளமார வருந்துதல். மூன்றாவது பிரதிக்கினை, இனிமேற் செய்வதில்லை என உறுதிகொள்ளுதல். நான்காவது, பாவங்களைக் குருவானவரிடம் சொல்லுதல். ஐந்தாவது, அவர் விதிக்கும் அபராதத்தைத் தீர்த்தல். நேயர்கள் இவ்வரிசையைக் கவனிக்க வேண்டும். வெளியிலிருந்து பார்ப்பவர் காண்பது நான்காவதை மாத்திரமே. அதற்கு முன் மூன்றும் பின் ஒன்றும் உள்ளன. மனஸ்தாபமும் பிரதிக்கினையும் இன்றி வாயாற் சொல்லப்படும் வார்த்தைக்கு மன்னிப்புக் கிடையாது என்பதே திருச்சபையின் தெளிந்த போதனை. அனுமதிச்சீட்டு என்னும் ஐயத்துக்கு இங்கேயே பாதி விடை கிடைத்துவிடுகின்றது.

இம்முறை ஆதியிலிருந்தே இவ்வாறு இருந்ததன்று. முதல் நூற்றாண்டுகளிலே, கொலை, விபசாரம், விசுவாச மறுதலிப்பு ஆகிய பெருங் குற்றங்களைச் செய்தவர் சபையார் அறிய நெடுங்காலம் தவம் புரிந்த பின்னரே மீண்டுஞ் சேர்த்துக்கொள்ளப்பட்டனர். அவ்வாய்ப்பும் வாழ்நாளில் ஒருமுறை மட்டுமே அளிக்கப்பட்டது. அதன் கடுமைக்கு அஞ்சிப் பலர் மரணப்படுக்கை வரையிலே அதனைத் தள்ளிவைத்தனர். பின்னர் அயர்லாந்து நாட்டுத் துறவிகளாலே, தனிமையிற் சொல்லுதலும் வேண்டும்போதெல்லாஞ் சொல்லுதலும் ஐரோப்பாவிற் பரவின. 1215இல் நடைபெற்ற நான்காம் இலாத்தரன் சங்கம், ஆண்டுக்கு ஒருமுறையேனும் பாவசங்கீர்த்தனம் செய்தல் கடன் என விதித்தது. இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் பின், 1973இல், புதிய சடங்குமுறை வகுக்கப்பட்டபோது, இறைவனோடும் சபையோடும் மீண்டும் ஒன்றுபடுதல் என்னும் கருத்தே முதன்மை பெற்றது. கேட்ட பாவத்தைக் குருவானவர் எக்காரணங் கொண்டும் வெளியிடலாகாது என்னும் விதி மட்டும் தளர்வின்றி நிற்கின்றது. அதனை நேரடியாக மீறும் குரு அக்கணமே சபைவிலக்குக்கு உள்ளாவார்.

புரொட்டஸ்தாந்து சபைகளின் முறை வேறு. மட்டக்களப்பிலே மெதடிஸ்த திருப்பணி 1814இல் வந்திறங்கிய வில்லியம் ஓல்ட் என்னும் இளங் குருவானவரோடு தொடங்கியது. அடுத்த ஆண்டிலேயே அவர் இங்கு மரணமானார். அவர் நட்ட விதையோ நின்று வளர்ந்தது. மெதடிஸ்தர் குருவின் காதிற் பாவத்தைச் சொல்வதில்லை. ஆராதனையிலே சபையார் அனைவரும் ஒரே குரலிலே பாவ அறிக்கை செய்வர். ஆண்டின் தொடக்கத்திலே உடன்படிக்கை ஆராதனை நடத்தித் தம்மை மீண்டும் இறைவனுக்கு ஒப்புக்கொடுப்பர். ஆயினும், மெதடிஸ்த இயக்கத்தின் தந்தையாகிய ஜோன் வெஸ்லி 1738இல் வகுத்த சிறு குழுக்களின் விதிகளை நோக்கின், உறுப்பினர் வாரந்தோறும் கூடி, சிந்தையாலும் சொல்லாலும் செயலாலும் தாம் செய்த தவறுகளை ஒருவர்க்கொருவர் வெளிப்படையாகச் சொல்லவேண்டும் என்றிருத்தலைக் காணலாம். குருவிடமாயினும் சகோதரரிடமாயினும், குற்றம் இன்னொரு மனிதரின் செவியில் விழவேண்டிய தேவையை இருசாராரும் உணர்ந்திருந்தனர்.

அத்தேவை ஏன்? இறைவன் எல்லாம் அறிந்தவன் அல்லனோ? அவனுக்கு மட்டும் மனத்தினுள்ளே சொன்னாற் போதாதோ? இங்கே மனித இயல்பை நோக்கவேண்டும். மனத்தினுள்ளே நாம் நமக்காக நடத்தும் வழக்கிலே, குற்றவாளியும் நாமே, வழக்கறிஞரும் நாமே, தீர்ப்பளிப்பவரும் நாமே. அத்தகைய நீதிமன்றிலே தண்டனை கிடைப்பது அரிது. "கோபத்திலே வாய் தவறிவிட்டது" என்றும், "அவன் செய்ததற்கு நான் செய்தது ஒன்றுமில்லை" என்றும் நாம் எளிதிற் சமாதானம் சொல்லிக்கொள்வோம். வாய்திறந்து, "நான் என் தம்பியின் பங்கை அபகரித்தேன்" என்று மற்றொருவர் கேட்கச் சொல்லும்போது அச்சமாதானங்கள் உதிர்ந்துவிடுகின்றன. செய்ததற்கு உரிய பெயரைச் சூட்டுதலே திருந்துதலின் முதற்படி. தாவீது அரசனின் கதையும் இதனையே உணர்த்தும். நாத்தான் தீர்க்கதரிசி ஏழையின் ஆட்டுக்குட்டியைக் கவர்ந்த செல்வனின் கதையைச் சொல்ல, அரசன் அச்செல்வன்மீது வெகுண்டான். அச்செல்வன் நீயே என்று தீர்க்கதரிசி காட்டியபோதே, அரசன் தன் பாவத்தைக் கண்டான்.

இனி, இன்றைய பேச்சின் நடுநாயகமான கருத்துக்கு வருகின்றேன். பாவம் மன்னிக்கப்பட்டாலும், அதனால் விளைந்த பழுது தானாகத் திருந்திவிடுவதில்லை. இதனை எமது வயல்நிலத்திலிருந்தே ஓர் உதாரணத்தால் விளக்கலாம்.

ஒரு வட்டையிலே அடுத்தடுத்து வயல் செய்யும் இருவர் இருக்கின்றனர் என வைத்துக்கொள்வோம். ஒருவர் ஒவ்வொரு போகத்திலும் வரம்பைச் சீர்செய்யும்போது, அடுத்தவர் பக்கத்திலே ஒரு சாண் வெட்டித் தம் பக்கம் சேர்த்துக்கொள்கின்றார். இரவிலே வாய்க்காலை மறித்து, அடுத்தவர் முறைக்குரிய நீரையும் தம் வயலுக்குத் திருப்புகின்றார். பெரியவெள்ளி வருகின்றது. அவர் கோயிலுக்குச் சென்று கண்ணீரோடு பாவசங்கீர்த்தனம் செய்கின்றார். வீடு திரும்புகின்றார். வரம்போ வெட்டிய இடத்திலேயே இருக்கின்றது. அவ்வாண்டின் நெல்லும் அவர் பட்டறையிலேயே இருக்கின்றது. இவர் மன்னிப்புப் பெற்றவரா?

கத்தோலிக்க ஒழுக்கநூல் இதற்குத் தடுமாற்றமின்றி விடை பகருகின்றது. திருடிய பொருளைத் திருப்பிக் கொடுக்கக்கூடிய ஆற்றலிருந்தும் கொடுக்க மனமில்லாதவனுக்கு உண்மையான மனஸ்தாபம் இல்லை; மனஸ்தாபம் இல்லையாயின் மன்னிப்பும் இல்லை. வரம்பை மீண்டும் பழைய இடத்திற் கட்டுதலும், குறைந்த விளைச்சலுக்கு ஈடுசெய்தலும் மனந்திரும்புதலின் உட்கூறுகளே. லூக்கா சுவிசேஷத்திலே வரும் சக்கேயு என்னும் வரித்தலைவன், இயேசுநாதர் தன் வீட்டுக்கு வந்த நாளிலே, தன் சொத்திற் பாதியை ஏழைகளுக்குக் கொடுப்பதாகவும், வஞ்சித்துப் பெற்றதை நான்கு மடங்காகத் திருப்பிக் கொடுப்பதாகவும் உரைத்தான். அவன் வீட்டுக்கு மீட்பு வந்ததென்று இயேசுநாதர் அறிவித்தது அதன் பின்னரே. பீடத்திலே காணிக்கை வைக்க வந்தவன், தன் சகோதரனுக்குத் தன்மீது மனக்குறை உண்டென்று நினைவுகூர்ந்தால், காணிக்கையை அங்கேயே விட்டுச் சென்று முதலில் அவனோடு ஒப்புரவாக வேண்டும் என்பதும் அவர் போதனையே.

பொருளைத் திருப்புதல் எளிது. சொல்லைத் திருப்புதல் எளிதன்று. ஒரு பெண்ணின் நடத்தையைப் பற்றிப் பொய்யாகப் பேசி, அதனால் அவளுக்குப் பேசிய கலியாணம் குழம்பிவிட்டதாயின், பேசியவர் எதைத் திருப்பிக் கொடுப்பார்? திருச்சபை இதற்கும் பரிகாரம் சொல்கின்றது. எவரெவரிடம் பொய் சொன்னாரோ அவரவரிடம் சென்று, "நான் சொன்னது பொய்" என்று சொல்லவேண்டும். பிறர் பெயரைக் கெடுத்தவர், தம் பெயர் கெடுவதற்கு அஞ்சாமல் அதனைச் சீர்செய்தல் கடமை. அவ்வாறே, அறுவடை முடிந்த பின்னும் கூலியைக் கொடாது இழுத்தடிக்கும் முதலாளி, மன்னிப்புக் கேட்பதற்கு முன் கூலியைக் கொடுக்கவேண்டும். குடித்துவிட்டு மனைவியை அடிக்கும் கணவன், கோயிலில் மாத்திரம் அழுதாற் போதாது. மனைவி அச்சமின்றி உறங்கும் வீடாகத் தன் வீட்டை ஆக்கும்வரை அவன் பரிகாரம் முடிவடையாது.

பழுதைத் திருத்தினாலும், அதே பாவத்திலே மீண்டும் விழுகின்றோமே, அதனை வெல்வது எவ்வாறு என்று பலர் மனம் சோர்வதுண்டு. இதற்கும் கிறிஸ்தவ மரபிலே அனுபவ முறைகள் உள்ளன. அவற்றுள் ஒன்று, பாவத்துக்கு ஏதுவான சந்தர்ப்பத்தை விலக்குதல். தவறணை வாசலால் வீடு திரும்பும் பழக்கமுடையவன், குடிக்கமாட்டேன் என்று சத்தியம் செய்வதிலும் பார்க்க, வேறு வழியால் வீடு செல்லப் பழகுதல் பயனுடையது. மற்றொன்று, இயேசு சபையை நிறுவிய புனித இலொயோலா இஞ்ஞாசியார் கற்பித்த முறை. அச்சபைத் துறவிகள் மட்டக்களப்பிலே நெடுங்காலம் கல்விப் பணியாற்றியவர்கள். இஞ்ஞாசியார் எல்லாக் குற்றங்களையும் ஒருங்கே வெல்ல முயலும்படி சொல்லவில்லை. ஒரேயொரு குற்றத்தைத் தெரிந்துகொள்க என்றார். காலையிலே அதனை நினைந்து விழிப்புக்கொள்ளவேண்டும். நண்பகலிலும் இரவிலும், எத்தனை முறை விழுந்தோம் என்று எண்ணவேண்டும். ஒரு தாளிலே வாரத்தின் ஏழு நாட்களுக்கும் கோடுகள் வரைந்து, விழுந்த ஒவ்வொரு முறைக்கும் ஒரு புள்ளி இடவேண்டும். இன்றைய புள்ளிகளை நேற்றையவற்றோடும், இவ்வாரத்தை முன்வாரத்தோடும் ஒப்பிட்டு நோக்கவேண்டும்.

பார்ப்பதற்கு இது கணக்குப்பிள்ளையின் வேலைபோலத் தோன்றும். ஆயினும் இதிலுள்ள நுட்பம் பெரிது. "நான் கோபக்காரன்" என்று பொதுவாகச் சொல்லுகின்றவன் எதனையும் மாற்றுவதில்லை. "இன்று நான்குமுறை கோபித்தேன், நான்கும் வேலையால் வந்து பசியோடிருந்த வேளையில்" என்று கண்டுகொள்பவன், எங்கே காவல் வைக்கவேண்டும் என்பதை அறிந்துவிடுகின்றான். நாள் செல்லச் செல்லப் புள்ளிகள் குறையும். அவற்றோடு, தன் முயற்சியால் மட்டும் குறையவில்லை, இறைவன் அருளும் துணைநின்றது என்னும் பணிவும் வளரும் என்பது கிறிஸ்தவர் நம்பிக்கை.

இதுவரை குற்றஞ்செய்தவரைப் பற்றியே பேசினோம். குற்றத்துக்கு ஆளானவரின் நிலை என்ன? தமிழிலே 'பொறுத்தல்' என்னும் சொல்லுக்குப் பாரஞ் சுமத்தல் என்றும் பொருளுண்டு, மன்னித்தல் என்றும் பொருளுண்டு. பழைய கிறிஸ்தவ வழக்கிலே பாவமன்னிப்பைப் 'பாவப் பொறுத்தல்' என்பர். மன்னிப்பவர் ஒரு சுமையைத் தாங்குகின்றார் என்பதை இச்சொல் மறைக்கவில்லை. எத்தனை முறை மன்னிப்பது, ஏழு முறையோ என்று பேதுரு கேட்டபோது, எழுபது ஏழு முறை என்று இயேசுநாதர் கணக்கையே கடந்த விடை பகர்ந்தார். ஆயினும், மன்னித்தல் என்பது நடந்ததை நடக்கவில்லை என்று சொல்லுவதன்று. பழிக்குப் பழி வாங்கும் உரிமையைக் கைவிடுவது. நீதி கேட்கும் உரிமையைக் கைவிடுவது அன்று.

இவ்வேறுபாட்டைத் தெளிவாகக் காட்டிய நிகழ்ச்சி ஒன்றுண்டு. 1981 மே 13இல் பாப்பரசர் இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் வத்திக்கானிலே துப்பாக்கியாற் சுடப்பட்டார். நான்கே நாட்களில், மருத்துவமனையிலிருந்தே, சுட்டவனை மன்னித்துவிட்டதாக அறிவித்தார். 1983இல் சிறைச்சாலைக்குச் சென்று அவனோடு அமர்ந்து பேசினார். அவனோ 2000ஆம் ஆண்டுவரை இத்தாலியச் சிறையிலேயே இருந்தான். மன்னிப்பும் நீதியும் ஒன்றையொன்று அழிக்காமல் அருகருகே நின்றன.

எமது மாவட்டத்துக்கும் இச்சோதனை வந்தது. 2019 ஏப்பிரல் 21, உயிர்த்த ஞாயிறு. கொழும்பிலும் நீர்கொழும்பிலும் நடந்த குண்டுத் தாக்குதல்களோடு, மட்டக்களப்பு சீயோன் தேவாலயமும் தாக்கப்பட்டது. நாடெங்கும் 250க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். மட்டக்களப்பில் இறந்தோருள் ஞாயிறு பாடசாலைக்கு வந்த சிறுவர் பலர். அச்சபையின் மூத்த போதகர், தம்மவர் நெஞ்சிலே நோவும் கோபமும் உண்டென்பதை மறையாமலே, தாக்கியவரையும் அவரை அனுப்பியவரையும் மன்னிப்பதாக உலகறியச் சொன்னார். அதேவேளை, பாதிக்கப்பட்டோர் நீதி கேட்பதையும் விடவில்லை. தாக்குதலைத் தடுக்கத் தவறியமைக்காக, முன்னாள் சனாதிபதி உட்பட அக்காலப் பொறுப்பாளர்கள் தம் சொந்தப் பணத்திலிருந்து நட்டஈடு செலுத்தவேண்டும் என உயர் நீதிமன்றம் 2023 ஜனவரியிலே தீர்ப்பளித்தது. பழுது திருத்தும் கடமை தனி மனிதர்க்கு மட்டுமன்றி ஆட்சியிலிருப்போர்க்கும் உண்டு என்பதை அத்தீர்ப்பு உணர்த்துகின்றது.

கொக்கட்டிச்சோலைக்கும் சொல்லுதற்கரிய நாட்கள் உண்டு. 1987 ஜனவரியிலும் 1991 ஜூனிலும் இப்பகுதி மக்கள் பலர் கொல்லப்பட்டனர். 1991 ஜூன் 12இல் மகிழடித்தீவிலும் முதலைக்குடாவிலும் நிகழ்ந்ததை விசாரிக்க அமைக்கப்பட்ட ஆணைக்குழு, 67 பேர் இறந்தமையையும், அதற்குப் படையினரே பொறுப்பு என்பதையும் கண்டது. எனினும் பின்னர் நடந்த இராணுவ விசாரணையிலே, கொலைக் குற்றத்துக்காக எவரும் தண்டிக்கப்படவில்லை. இத்தகைய இழப்பைச் சுமப்பவரிடம் சென்று, "மன்னித்துவிடுங்கள், மறந்துவிடுங்கள்" என்று வெளியார் எளிதாகச் சொல்லிவிடுதல் அறமாகாது. மன்னிப்பு, பாதிக்கப்பட்டவர் தாமாக, தம் காலத்திலே கொடுக்கும் கொடை. அதனைக் கட்டளையிட்டுப் பெறவியலாது. ஒருவர் தம் மனத்தளவிலே வெறுப்பைக் களைந்து மன்னித்தல் கூடும். ஆனால் இருதிறத்தாரும் கைகோத்து வாழும் ஒப்புரவு ஏற்படவேண்டுமாயின், செய்தவர் தரப்பிலிருந்து உண்மை சொல்லப்படவேண்டும், பழுது திருத்தப்படவேண்டும். கோயிலின் ஓரத்திலே முழந்தாளிடும் ஒரு தனி மனிதனிடம் திருச்சபை கேட்கும் ஐந்து காரியங்களையே, நாடுகளிடமும் அறம் கேட்கின்றது.

நேயர்களே, தொடக்கத்திலே எழுப்பிய வினாவுக்கு இப்பொழுது முழு விடை கூறலாம். குருவானவரிடம் சொல்வதோடு எல்லாம் தீர்ந்துவிடுவதில்லை. அங்கேதான் வேலை தொடங்குகின்றது. இறைவனின் மன்னிப்பு இலவசமாக வருகின்றது என்பது கிறிஸ்தவர் விசுவாசம். அதனைப் பெற்றவன் வெறுங்கையோடு வீட்டுக்குத் திரும்பலாகாது. வெட்டிய வரம்பை மீண்டும் கட்ட மண்வெட்டியை எடுக்கவேண்டும்; கொடாத கூலியை எண்ணி வைக்கவேண்டும்; கெடுத்த பெயரைச் சீர்செய்யப் படலை படலையாக ஏறி இறங்கவேண்டும். அது வெட்கத்தைத் தரும் வேலைதான். ஆயினும் அவ்வெட்கத்தைக் கடந்தவனே மீண்டும் அயலவன் முகத்தை நேர்கொண்டு பார்க்கும் விடுதலையைப் பெறுகின்றான்.

எச்சமயத்தவராயினும், இன்றிரவு விளக்கை அணைக்குமுன், நாம் யாருக்கு என்ன கடன்பட்டிருக்கின்றோம் என்று ஒரு கணம் எண்ணிப் பார்க்கலாம். பணத்தைப் போலவே ஒரு நல்ல சொல்லும் கடனாக நிற்பதுண்டு. நாளை விடிந்தபின் அவற்றுள் ஒன்றையேனும் தீர்க்க முயலலாம்.